தசையும் மூட்டும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் காடாம்புலியூர். சாலையின் இரு மருங்கும் செம்மண் நிலம். அந்நிலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை முந்திரித் தோப்புகள். இடையிடையே அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் பலா மரங்கள். தெற்கே சிறிது தொலைவு சென்றால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வந்துவிடும். அங்கே மலை போன்ற எந்திரங்கள் மண்ணை வாரி எறிகின்றன. காடாம்புலியூர்த் தோப்புகளிலோ பழத்தை அறுத்து இறக்குவதும், சுமப்பதும், கொட்டையைப் பிரிப்பதும் பெரும்பாலும் மனிதரின் கைகளே. முந்திரி உடைக்கும் எந்திரங்கள் பல இடங்களில் வந்துவிட்டனவேனும், கையால் உடைப்போர் இன்னும் உளர்.

அவ்வாறு உடைக்கும் பெண்மணி ஒருத்தியைச் சற்றே உற்று நோக்குவோம். தரையில் அமர்ந்திருக்கிறாள். எதிரே ஒரு கல். முந்திரி ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். ஆதலின் விரல்களில் சாம்பல் பூசியிருக்கிறாள். இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்திப் பிடிக்கின்றன. வலக்கையிலுள்ள மரக் கொட்டாப்புளி எழுந்து இறங்குகிறது. ஓடு பிளக்கிறது, உள்ளிருக்கும் பருப்பு உடையவில்லை. அடி சற்று மெலிந்தால் ஓடு பிளவாது. சற்று மிகுந்தால் பருப்பு நொறுங்கிவிடும். நொறுங்கிய பருப்புக்கு விலை குறைவு. இடக்கை ஒரு நொடி பிந்தினால் நசுங்குவது கொட்டையன்று, விரல். இத்துணை நுட்பமான செயலை அவள் அடுத்திருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்கிறாள்!

இச்சிறு தொழிலில் இரண்டு கைகளும் செய்யும் பணி ஒன்றன்று. வலக்கை ஓங்கி அடிக்கிறது. இடக்கை பற்றுகிறது, விடுகிறது. வலக்கையின் பணி எளிதில் விளங்கக் கூடியது. ஆதலின் அதனை முதலில் ஆராய்வோம்.

தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கையின் முன்புறத்தில் ஒரு தசை உண்டு. அதன் மேல்முனை இரண்டாகப் பிரிந்து தோள்பட்டை எலும்பில் பற்றியிருப்பதால் அதனை இருதலைத் தசை என்பர். கீழ்முனை முழங்கை மூட்டைத் தாண்டிச் சென்று, முன்கையின் பெருவிரற் பக்கத்து எலும்பில் ஒட்டியிருக்கிறது. இத்தசை சுருங்கினால் முன்கை மேலெழும், கொட்டாப்புளி உயரும். பின்புறத்தில் மூன்று தலைகளையுடைய முத்தலைத் தசை இருக்கிறது. அது சுருங்கினால் கை நிமிரும், கொட்டாப்புளி இறங்கும். மாணவர்கள் இடக்கையால் வலது மேற்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வலக்கையை மடக்கிப் பார்க்கலாம். முன்புறம் திரண்டு இறுகும். பிறகு அவ்வலக்கையால் மேசையைக் கீழ்நோக்கி அழுத்தினால் பின்புறம் இறுகும்.

ஒரு தசையே கையை மடக்கவும் நீட்டவும் செய்தால் என்ன என்னும் வினா இங்கே எழுதல் இயல்பு. அது முடியாது. தசைக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. கயிற்றைக் கொண்டு வண்டியை இழுக்கலாம். அக்கயிற்றாலேயே வண்டியைத் தள்ள இயலுமோ? ஆதலால் உடலில் ஒரு மூட்டை ஒரு பக்கம் இழுக்கும் தசை இருந்தால், மறுபக்கம் இழுக்கும் தசையும் இருந்தே தீரவேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றொன்று இளகிக் கொடுக்கும். இவ்விளக்கம் தற்செயலாய் நிகழ்வதன்று. ஒரு தசைக்குச் 'சுருங்குக' என்று ஆணை செல்லும்போதே அதன் எதிர்த்தசைக்கு 'அடங்குக' என்னும் நிலையும் தண்டுவடத்தில் ஏற்படுகிறது. இதனை ஆராய்ந்து விளக்கிய ஆங்கில அறிஞர் செரிங்டன் 1932ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். மனித உடலில் எலும்புகளை இயக்கும் தசைகள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் தள்ளும் தசை ஒன்றுகூட இல்லை.

தசை சுருங்குவது எங்ஙனம்? தசை என்பது மயிரினும் மெல்லிய பல்லாயிரம் இழைகளின் கற்றை. ஒவ்வோர் இழையினுள்ளும் மயோசின் என்னும் தடித்த நுண்ணிழைகளும், ஆக்டின் என்னும் மெல்லிய நுண்ணிழைகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இரண்டு கைகளின் விரல்களையும் ஒன்றனிடையே ஒன்றாகக் கோத்து, பின்பு உள்நோக்கி நகர்த்தினால், விரல்களின் நீளம் குறையாமலே இரு கைகளும் நெருங்குகின்றன அல்லவா? தசை சுருங்குவதும் அத்தகையதே. நுண்ணிழைகள் குறுகுவதில்லை, ஒன்றனூடே ஒன்று சறுக்குகின்றன. 1954ஆம் ஆண்டில் இரு வேறு ஆய்வுக் குழுவினர் இவ்வுண்மையை ஒரே காலத்தில் வெளியிட்டனர். இரு குழுவிலும் ஹக்ஸ்லி என்னும் பெயருடைய ஒருவர் இருந்தார்; அவ்விருவரும் உறவினர் அல்லர் என்பது சுவையான செய்தி.

தசை நேரே எலும்பில் ஒட்டுவதில்லை. அதன் முனை குறுகி வெண்மையான உறுதியுள்ள கயிறாக மாறி எலும்பைப் பற்றுகிறது. அக்கயிற்றைத் தசைநாண் என்று வழங்குகிறோம். வில்லின் இரு முனைகளையும் இழுத்து நிற்கும் கயிறு நாண் எனப்படுமன்றோ? அவ்வொப்புமை பற்றியே இப்பெயர் அமைந்தது. உடற்கூற்றைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலுக்கு அவர் வழங்கிய பெயர் அங்காதிபாதம் என்பது.

இனி, கையிலுள்ள ஒரு விந்தையான கணக்கைக் காண்போம். இருதலைத் தசை முன்கையைப் பற்றும் இடம் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. கையில் தாங்கும் சுமையோ அம்மூட்டிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதாவது ஏழு மடங்கு தொலைவு. ஆகவே முழங்கையை மடக்கி 10 கிலோ எடையைத் தாங்க வேண்டுமானால், கையை மடக்கும் தசைகள் 70 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுக்கவேண்டும். தோப்பில் 20 கிலோ பலாப்பழத்தை இரு முன்கைகளிலும் ஏந்தி நிற்பவனுடைய ஒவ்வொரு மேற்கையும் இவ்வளவு இழுவையைத் தாங்கி நிற்கிறது. கையின் சொந்த எடை இக்கணக்கில் சேரவில்லை.

இஃது இயற்கை செய்த பிழையோ எனத் தோன்றலாம். பிழையன்று, பேரம். வலிமையைக் கொடுத்து விரைவை வாங்கியிருக்கிறது உடல். தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகர்கிறது. நீண்ட துறட்டுக்கோலைப் பிடிப்பவன் அடியில் ஒரு கையை ஊன்றி, அதற்குச் சற்று மேலே மறுகையால் சிறிது அசைக்க, கோலின் நுனி வெகுதூரம் வீசுவதைக் கண்டவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். கொட்டாப்புளி நொடியில் எழுந்து நொடியில் இறங்குவதற்கும், பந்தெறிபவன் கையிலிருந்து பந்து பறப்பதற்கும் இப்பேரமே காரணம்.

இழுவை எத்துணை இருப்பினும் எலும்புகள் இசைந்து அசையும் இடம் இல்லையேல் பயனில்லை. அவ்விடமே மூட்டு. தோள்மூட்டில் பந்து போன்ற எலும்புத்தலை கிண்ணம் போன்ற குழியிற் பொருந்திப் பல திசையிலும் சுழல்கிறது. முழங்கை கதவின் கீல் போன்றது, மடங்கும், நிமிரும். கழுத்தில் ஓர் எலும்பு மற்றோர் எலும்பின் முளையைச் சுற்றித் திரும்புகிறது. எலும்போடு எலும்பு உராயாதபடி முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையே மூட்டு நீர் சுரந்து மசகாக உதவுகிறது. வண்டி அச்சுக்கு மனிதன் மசகு இடவேண்டும். மூட்டோ தனக்கு வேண்டியதைத் தானே சுரந்துகொள்கிறது.

இடக்கையின் பணிக்கு வருவோம். பார்வைக்கு அது சும்மா இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் நுட்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இத்தனை மூட்டுகளை இயக்கும் தசைகள் விரல்களிலேயே இருந்திருந்தால் விரல்கள் பருத்துப் பயனற்றுப் போயிருக்கும். ஆதலின் விரலை வளைக்கும் தசை விரலில் இல்லை! ஒரு கையால் முன்கையைப் பற்றிக்கொண்டு மறுகை விரல்களை மடக்கி மடக்கி விரித்தால், முன்கைக்குள் ஏதோ நெளிவது தெரியும். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் அங்கேதான் உள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. பொம்மலாட்டத்தில் பாவைகள் மேடையில் ஆட, ஆட்டுவிப்போன் திரைக்குப் பின்னே இருப்பது போன்ற அமைப்பு இது.

முன்கைத் தசைகள் வலியவை. ஆனால் நுண்மை போதாதவை. விரலை வளைக்கும் நீண்ட நாண் விரலின் நடுமூட்டையும் நுனிமூட்டையும் சுருட்டிவிடும். கொட்டையையோ எழுதுகோலையோ பற்றுவதற்கு அது போதாது. விரல் அடிமூட்டில் வளைந்து, நடுவும் நுனியும் ஓரளவு நிமிர்ந்து நிற்கவேண்டும். இவ்வேலையைச் செய்வன உள்ளங்கையில் எலும்புகளின் இடையே பொதிந்து கிடக்கும் சிறு தசைகள். அவற்றுட் சில மண்புழுவைப் போன்றிருப்பதால் இலத்தீன் மொழியில் மண்புழுவின் பெயரையே அவற்றிற்கு இட்டனர். பெருவிரலின் அடியில் உருண்டு திரண்டிருக்கும் மேடும் சிறு தசைகளின் தொகுதியே. பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராகத் திரும்பி வந்து அவற்றின் நுனியைத் தொடுவது அவற்றால்தான்.

இச்சிறு தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்புகள் இரண்டு. ஒன்று முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டித் தோலுக்கு வெகு அருகில் செல்கிறது. முழங்கை எதிலேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாய்வது அந்நரம்பின் வேலை. மற்றொன்று மணிக்கட்டின் நடுவே மேலோடு செல்கிறது. இந்நரம்புகள் கெட்டுவிட்டால் கைக்கு என்ன நேரும்? தமிழ்நாட்டில் ஒரு மருத்துவர் இவ்வினாவை எழுப்பி விடையும் கண்டார்.

பால் பிராண்டு என்பவர் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில், அங்குத் தொண்டாற்றிய ஆங்கிலேயப் பெற்றோர்க்குப் பிறந்தவர். இளமையில் கட்டடத் தொழிலும் தச்சு வேலையும் பயின்று, பின்னர் அறுவை மருத்துவரானார். 1946ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். வந்த சிறிது காலத்தில் செங்கற்பட்டில் உள்ள தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றார். அந்நிலையத்தை நடத்தியவர் காக்ரேன் என்னும் தொழுநோய் வல்லுநர். அங்கிருந்தோர் பலருடைய கைகள் பருந்தின் நகம்போல் வளைந்திருந்தன. அவ்வாறு வளைந்த கையையுடைய ஒருவரிடம் பிராண்டு தம் கையைக் கொடுத்து, இயன்ற மட்டும் இறுகப் பற்றுமாறு கூறினார். மெலிந்த பிடியே இருக்கும் என்று அவர் எண்ணினார். அம்மனிதரோ பிராண்டின் கை நோகும்படி பற்றிவிட்டார்!

அந்த நோவு அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. பயனற்றது என்று எல்லாராலும் கைவிடப்பட்ட அக்கையில் வலிமைமிக்க தசைகள் உயிரோடு இருந்தன. பின்னர் அவரும் உடன் உழைத்தோரும் ஆராய்ந்தபோது விளக்கம் கிடைத்தது. தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடங்களை விரும்புவது. ஆதலின் தோலுக்கு அருகில் செல்லும் பகுதிகளிலேயே நரம்புகள் பருத்துச் சிதைகின்றன. முன்கைப் பெருந்தசைகளுக்குரிய நரம்புக் கிளைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. உள்ளங்கைச் சிறு தசைகளே செயலிழக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் கையை விட்டுவிட்டால் மறுபக்கத்தார் இழுத்த இழுப்புக்குக் கயிறு போய்விடுமன்றோ? சிறு தசைகள் விட்டுவிட, முன்கையிலிருந்து வரும் நாண்கள் தம் விருப்பப்படி இழுக்கின்றன. பின்புற நாண் அடிமூட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. முன்புற நாண் விரல்நுனியைச் சுருட்டுகிறது. வளைந்த கை பிறப்பது இவ்வாறே.

காரணம் தெரிந்தபின் மருந்து தேடுவது எளிதாயிற்று என்று கூறிவிடுவதற்கில்லை. தொழுநோயாளரின் உடலில் கத்தி பட்ட இடம் ஆறாது என்னும் எண்ணம் அக்காலத்தில் மருத்துவரிடையேயும் பரவியிருந்தது. பிராண்டு அதனை ஏற்கவில்லை. இளம்பிள்ளைவாதத்தால் முடங்கிய உறுப்புகளுக்கு நாண்மாற்று அறுவை செய்யும் முறை முன்னரே இருந்தது. அதனை இக்கைகளுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். விரல் ஒவ்வொன்றையும் வளைக்க முன்கையிலிருந்து இரண்டு நாண்கள் வருகின்றன. ஒன்று நடுமூட்டுக்கு, மற்றொன்று நுனிமூட்டுக்கு. இவற்றுள் ஒன்றை ஒரு விரலிலிருந்து எடுத்தாலும் அவ்விரல் வாழும். எடுத்த நாணை நான்கு கீற்றுகளாகப் பிளந்து, செயலிழந்த சிறு தசைகள் செல்லும் வழியாகவே ஒவ்வொரு விரலின் புறத்துக்கும் கொண்டுசென்று தைத்தார். பிற்காலத்தில் மணிக்கட்டைப் பின்வளைக்கும் தசையொன்றை இதற்குப் பயன்படுத்தினார். அதன் நாண் விரல்வரை எட்டாது. ஆதலின் கெண்டைக்காலிலிருந்து ஒரு மெல்லிய நாணை எடுத்து ஒட்டினார். கெண்டைக்காலில் உள்ள அந்நாண் சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. அதனை இழப்பதால் நடைக்குக் குறைவு நேர்வதும் இல்லை.

புண்கள் ஆறின. ஆயினும் கட்டை அவிழ்த்தவுடன் கை வேலை செய்துவிடவில்லை. விரலை மடக்கிவந்த தசைக்குப் புதிய பணி இடப்பட்டிருக்கிறது. அப்பணியைக் கையின் உடையவர் கற்கவேண்டும். பழைய விரலை மடக்குவதாக நினைத்து முயன்றால் வேறு மூட்டு அசையும். நாள்தோறும் பயின்று பயின்று, வாரங்கள் பல கழிந்தபின், நினைத்தது நிகழும். சோற்றைப் பிசைந்து உண்ணும் எளிய செயலைப் பல்லாண்டுகளாக மறந்திருந்தோர் மீண்டும் தம் கையால் உண்டனர்.

இங்கே எதிர்பாராத ஓர் இடர் எழுந்தது. கை திருந்திய சிலர் திரும்பி வந்து முறையிட்டனர். முன்பு வளைந்த விரல்களைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டோர் இப்போது இடுவதில்லை. நோயின் தழும்பு முகத்தில் இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. பிச்சைக்கும் உதவாத, தொழிலுக்கும் அமர்த்தப்படாத கையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வர்? மருத்துவம் அறுவை அறையோடு முடிவதன்று என்பதை அம்முறையீடு பிராண்டுக்குக் காட்டியது. 1951ஆம் ஆண்டு வேலூர்க் கல்லூரி நிலத்தில் குடிசைகள் அமைத்து, நவ ஜீவ நிலையம் என்னும் பெயரால் ஒரு சிற்றூரை உருவாக்கினார். அங்குத் தொழில் கற்பிக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டில் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை தோன்றியது. பல நாட்டு அறுவை மருத்துவர்கள் இம்முறையை வேலூரிலும் கரிகிரியிலும் வந்து கற்றுச் சென்றனர்.

பிராண்டு கண்ட மற்றோர் உண்மையும் தசையைப் பற்றியதே. தசைக்கு எவ்வளவு இழுக்கவேண்டும் என்பது தானாகத் தெரியாது. தோலின் உணர்ச்சிதான் அளவு கூறுகிறது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் வருந்திக்கொண்டிருந்தார். தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பிராண்டு வியந்தார். பின்பு தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி அச்சிறுவனின் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவன் அதனை அறியவேயில்லை. நோவு தடுக்காமையால் அவனது தசை அளவுக்கு மிஞ்சி இழுத்துவிட்டது. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதாக மக்கள் கருதிவந்தனர். அவ்வாறன்று, உணரப்படாத காயங்களும் அவற்றில் ஏறும் சீழுமே விரல்களைத் தின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. 1981ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோன்றியவுடனே சென்று மருந்து உண்டவர்க்கு நரம்பு கெடுவதும் கை வளைவதும் பெரும்பாலும் நேர்வதில்லை. காலந்தாழ்த்தி வருவோருக்கு நாண்மாற்று அறுவை இன்றும் தேவைப்படுகிறது.

நவ ஜீவ நிலையத்தில் முதலிற் கற்பிக்கப்பட்ட தொழில்களுள் ஒன்று தச்சு. மரப்பொம்மைகள் செய்தனர். கொட்டாப்புளியையும் உளியையும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுள் பிராண்டும் ஒருவர். காடாம்புலியூர்ப் பெண்மணி கல்லின்மேல் கண் வையாமலே கொட்டை உடைக்கிறாள். அவள் இடக்கை விரல்கள் அவளுக்காகப் பார்த்துக்கொள்கின்றன. அந்நிலையத்துத் தச்சர்கள் அவ்வாறு செய்ய இயலாது. அறுவை அவர்களுக்கு இயக்கத்தை மீட்டுத் தந்தது, உணர்ச்சியைத் தரவில்லை. ஆதலின் ஒவ்வோர் அடிக்கும் உளி பிடித்த கையைக் கண்ணால் பார்த்தே அவர்கள் கொட்டாப்புளியை இறக்கினார்கள். வேலை முடிந்தபின் கைகளை விரித்துக் காட்ட, புதிய காயம் ஏதேனும் உண்டா என்று விரல் விரலாகப் பார்த்தனர்.